மூன்றிலிருந்து ஒன்று

கமீலாவுக்கு ஊரில் ஒரு பட்டம் இருந்தது: கிளினிக் நோனா, அதாவது கிளினிக் சீமாட்டி. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், உப்பளம் முடிந்து தென்னந்தோட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து இறங்கியவர்களின் குடியேற்றம். பட்டத்தை முதலில் வைத்தவர் யாரென்று தெரியாது. கேலியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு கேலியைப் பத்து வருடம் விடாமல் சொன்னால் அது பதவி மாதிரி ஆகிவிடுகிறது. கமீலாவும் அதைப் பதவியாகவே ஏற்றுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். அவளுக்கும் பிரஷர் இருந்ததால் அவளிடமும் ஒரு கிளினிக் கொப்பி உண்டு. ஆனால் அவள் போவது தன் பிரஷரைப் பார்ப்பதற்கு என்று சொன்னால் அவளே சிரிப்பாள். கணவன் முஹ்ஸினின் ஓட்டோவில் மூன்று பெண்கள், பின்னால் வரும் பஸ்ஸில் நாலைந்து பேர், எல்லாரும் அவளை நம்பித்தான் புறப்படுவார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை அவள் தமிழில் சொல்வாள். இவர்கள் வயிற்றைப் பிடித்தபடி சொல்வதை அவள் சிங்களத்தில் திருப்புவாள். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை. அது வேண்டியிருக்கவுமில்லை. கல்யாண வீட்டில் பலர் சுற்றியிருந்து உண்ணும் முதல் சஹன் தட்டில் அவளுக்கு இடம் இருந்தது, இறைச்சியின் நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவள் அவள் பக்கமாகத் தள்ளிவிடுவாள். அகதி என்று வந்த ஒரு பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவளுடைய சிங்களம் பள்ளிக்கூடத்துச் சிங்களம் அல்ல. பதினெட்டு வயதில் முந்தல் என்ற ஊரில் இறால் உரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் நாலு வருடம் வேலை செய்தாள். சிலாபத்துப் பக்கமிருந்து வந்த சிங்களப் பெட்டைகளோடு பனிக்கட்டித் தண்ணீரில் கை விறைக்க விறைக்கக் கதைத்துப் பழகிய பாஷை. ஏச்சு, பகிடி, கணக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து ஒன்றும் தெரியாது. சொல்லின் வால் மட்டும் எப்போதும் அவளுக்கு நழுவிப் போகும். தமிழில் நாம் 'க்கு' என்றும் 'இலிருந்து' என்றும் ஒட்டுகிறோமே, சிங்களத்திலும் அப்படி ஒட்டுகள் உண்டு. இறால் கொட்டகையில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கையைக் காட்டினால் போதும், விளங்கிக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுச் சாரா உம்மாவும் அவள் அழைத்துப் போகிறவர்களில் ஒருத்தி. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் மௌத்தாகி வெகு காலம். பத்தொன்பது வயதில் நுஸ்ரா என்று ஒரே மகள். சாரா உம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அங்கிருந்து கையோடு அள்ளி வரும் உப்பைத்தான் வீட்டில் கறிக்குப் போடுவாள். கழுத்தில் கழலை வந்து வீங்கியபோது கிளினிக்கில் ஒரு தாதி, "அயடீன் போட்ட பக்கட் உப்பு வாங்கித் தின்னுங்க" என்று ஏசினாள். உப்பு வாருகிறவள் கடையில் உப்பு வாங்குவதா என்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய்க் கழலையோடு சுரப்பியையும் வெட்டி எடுத்தார்கள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை இனி ஆயுள் முழுக்கக் குளிசையாகத்தான் விழுங்க வேண்டும். விடிய எழும்பி வெறும் வயிற்றில் மூன்று குளிசை. சாரா உம்மா ஒரு நாள் தவறாமல் குடித்தாள். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பியதும் முதல் வேலை அதுதான்.

இந்தக் கதையில் அசிங்கமான பகுதி பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில் நடந்தது. ஓட்டோ ஓடவில்லை. கமீலா எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் தொங்காத குறையாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். கிளினிக்கில் ஈ நுழைய இடமில்லை. சாரா உம்மாவின் முறை வந்தது. இளம் டொக்டர் ஒருவர் இரத்தப் பரிசோதனைக் கடதாசியைப் பார்த்தார்.

"டீ.எஸ்.எச். எக ஹொந்தடம அடுய்," என்றார். டீ.எஸ்.எச். நன்றாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தாதி அடுத்த இலக்கத்தைச் சத்தமாகக் கூப்பிட்டாள். ஒரு குழந்தை வீரிட்டது. கமீலா திரும்பி, முண்டியடித்து வந்த தன் ஊர்ப் பெண் ஒருத்தியை "இரு, இரு" என்று கையமர்த்தினாள். திரும்பியபோது டொக்டர் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்:

"துனென் எகக் அடு கரன்ன."

'துனென் எகக்' என்றால் மூன்றிலிருந்து ஒன்று, 'அடு கரன்ன' என்றால் குறையுங்கள். 'துனட்ட எகக்' என்றால் மூன்றோடு ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த வால்தான். கமீலாவின் காதில் மூன்று விழுந்தது, ஒன்று விழுந்தது, 'அடு' என்பதும் விழுந்தது. 'அடு'வை அவள் முதல் வசனத்தோடு சேர்த்துக்கொண்டாள். என்னவோ குறைந்து போய்விட்டதாம். குறைந்தால் கூட்டத்தானே வேண்டும்? குழம்பில் உப்புக் குறைந்தால் போடுவதில்லையா? அவளுடைய நியாயம் அப்படி ஓடியது. ஆனாலும் உள்ளே ஒரு குறுகுறுப்பு இருந்தது. அதை அவள் பிற்பாடு ஒருபோதும் இல்லையென்று சொல்லவில்லை.

"தேருணாத?" என்று கேட்டார் டொக்டர். விளங்கியதா?

இல்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் மற்ற ஏழு பெண்களும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன மாதம்தான் ஒரு தாதி அவளுடைய சிங்களத்தை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்திருந்தாள். பெண்களுக்கு அது விளங்கவில்லை, கமீலாவுக்கு விளங்கியது. இன்னொரு தரம் அப்படி நடக்கக் கூடாது.

"தேருணா, தொஸ்தர மஹத்தயா," என்றாள் பட்டென்று.

வெளியே வந்து சாரா உம்மாவிடம் சொன்னாள்: "ராத்தா, ஒங்கட உடம்புக்கு மருந்துச் சத்துக் காணாதாம். மூணோட ஒண்டு கூட்டி நாலாக் குடிக்கட்டாம்."

"நாலா?"

"ஓம். நாலு."

மருந்துக் கவுண்டரில் கொடுத்த கடதாசி உறையில் இரண்டு என்று இலக்கம் போட்டிருந்தது. இலக்கம் கமீலாவுக்கு வாசிக்கத் தெரியும். அந்த இடத்திலாவது அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அந்த வருடம் ஆஸ்பத்திரியில் பனடோலுக்கே தட்டுப்பாடு. "மருந்து இல்லாததால கொறச்சித் தாறாங்க ராத்தா. மிச்சத்த வெளியில வாங்குங்க" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாமே குறைத்துக் கொடுக்கப்பட்ட வருடம் அல்லவா, அதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்த கிளினிக் திகதிக்குப் போக வாகனம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த திகதி தவறிப் போனது. பிறகு கமீலாவே ஒரு யோசனை சொன்னாள்: "குளிசை ஒரே குளிசைதானே, எதுக்கு அலையிறீங்க? வெறும் மட்டையப் பாமசியில காட்டினாத் தருவாங்க." அப்படியே நடந்தது. கடையில் குளிசை கிடைத்தது, ஆனால் எத்தனை குடிக்கிறாய் என்று கேட்க ஆளில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு போனது, மூன்றாவதும் வந்தது.

சாரா உம்மா மெலிந்தாள். ஊர்ப் பெண்கள் கண் வைத்தார்கள். "என்ன ராத்தா, கொமர்ப் புள்ள மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். உப்பளத்தில் அவள் ஓடி ஓடி வாரினாள், உட்காரப் பிடிக்கவில்லை என்றாள். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு நாள் கமீலாவிடம் வந்து நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள்.

"அது வயசு ராத்தா," என்றாள் கமீலா. "எனக்கும்தான் அடிக்குது." தன் நெஞ்சு எப்படி அடிக்கிறதென்று அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சாரா உம்மா விழுந்தது அஸர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனபோது. நுஸ்ரா அப்போதுதான் குழாயடி நிலத்தைத் துடைத்திருந்தாள். புதிதாகப் பதித்த டைல்ஸ், ஈரம் காயவில்லை. தாய் காலைக் கழுவ ஒரு காலைத் தூக்கினாள், மற்றக் கால் சறுக்கியது. பெரிய விழுகை என்று சொல்ல முடியாது. உட்கார்ந்த மாதிரித்தான் விழுந்தாள். சின்னப் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படி விழுந்து எழும்பும். சாரா உம்மாவால் எழும்ப முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கமீலாவும் போனாள். பாஷைக்கு ஆள் வேண்டுமே. சத்திர சிகிச்சை முடிந்த மறுநாள் வார்ட்டுக்கு வந்த டொக்டர் கட்டில் தலைமாட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நேரே தமிழில் பேசத் தொடங்கினார். அமல்ராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பேச்சில் மன்னார் மணத்தது. கமீலாவுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வேலை இல்லாமல் போய்விட்டதே என்ற ஏமாற்றம். அவளுடைய பெருமை அந்த அளவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

"சும்மா இருந்த மாதிரி விழுந்ததுக்கு இப்படி முறியக் கூடாதே அம்மா," என்றார் டொக்டர், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து. "எலும்பு எண்பது வயசுக்காரற்ற எலும்பு மாதிரிக் கிடக்கு. தைரொக்ஸின் எத்தனை குடிக்கிறீங்கள்?"

"நாலு," என்றாள் சாரா உம்மா.

அவர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இதில மூண்டிலயிருந்து ரெண்டாக் குறைக்கச் சொல்லியெல்லோ எழுதிக் கிடக்கு? மூண்டு வருசத்துக்கு முந்தி!"

குறைந்தால் கூட்டத்தானே வேண்டும் என்று அன்று கமீலாவுக்குள் ஓடிய நியாயம் இப்போது வாய்வரை வந்தது. அவள் கேட்டேவிட்டாள்: "டொக்டர், அந்த டீ.எஸ்.எச். கொறவெண்டுதானே சொன்னாங்க?"

"குறைவுதான். அதாலதான் குளிசையைக் குறைக்கச் சொன்னது," என்றார் அவர் பொறுமையாக. "டீ.எஸ்.எச். எண்டது மூளை போடுற சத்தம். ஹோமோன் காணாட்டி, இன்னும் தா, இன்னும் தா எண்டு மூளை கத்தும், இலக்கம் ஏறும். ஹோமோன் கூடிப் போனா மூளை வாயை மூடிடும், இலக்கம் இறங்கும். இவவுக்கு இறங்கிக் கிடந்தது. கூடிப் போச்சு எண்டுதான் அர்த்தம்." பிறகு சாரா உம்மாவின் பக்கம் திரும்பினார். "எலும்பு கல்லில்லை அம்மா. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதுசாக் கட்டுப்படும். இந்த ஹோமோன் கூடினா கரையிறது வேகமாகும். கட்டுற வேலை அதுக்குப் பின்னால ஓடிப் பிடிக்கேலாது. மாதவிடாய் நிண்ட வயசில அது இன்னும் மோசம். நெஞ்சு படபடப்பு, வேர்வை, மெலிவு ஒண்டும் இருக்கேல்லையா?"

"இருந்திச்சு," என்றாள் சாரா உம்மா மெல்ல.

"அப்ப ஆர் உங்களுக்கு நாலு எண்டு சொன்னது?"

கமீலா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கையில் சாரா உம்மாவின் கைப்பை. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். நாக்கு எழும்பவில்லை.

"ஆரும் சொல்லல்ல டொக்டர்," என்றாள் சாரா உம்மா. "நாந்தான் பிழையா வெளங்கிட்டேன்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "பாஷை தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே அம்மா."

பாஷை தெரிந்த ஆள் கால்மாட்டில் நின்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது கமீலாவுக்கு. சுடுதண்ணீர் எடுக்கக் கன்டீனுக்குப் போன நுஸ்ரா போத்தலோடு திரும்பி வந்தபோது டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "என்னவாம் மாமி?" என்று கேட்டாள்.

"குளிசையக் கொறைக்கட்டாம் புள்ள. ரெண்டு போதுமாம்," என்றாள் கமீலா. மூன்று வருடம் கழித்து அந்த மொழிபெயர்ப்பை அவள் சரியாகச் செய்தாள்.

சாரா உம்மா வீட்டுக்கு வந்தாள். நாலு கால் வைத்த இரும்புத் தாங்கியைப் பிடித்து அறைக்குள் நடக்கலாம். உப்பளம் இனி இல்லை. தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குக் குனிய முடியாது, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி தொழுதாள். ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: ஈர நிலம், துடைத்தவள் நுஸ்ரா. "பெத்த உம்மாவ வழுக்கி விழுத்தாட்டிட்டாளே." "ஃபோனப் பார்த்துக்கிட்டுத் தொடைச்சா இப்பிடித்தான்." சாரா உம்மா, புள்ளையில பிழை இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தாய் வேறெப்படிச் சொல்வாள் என்று அவர்கள் போய்விட்டார்கள். நுஸ்ரா முதலில் அழுதாள், பிறகு அழுவதையும் விட்டாள். குழாயடியை ஒரு நாளைக்கு மூன்று தரம் துணியால் ஒற்றி ஒற்றிக் காய வைத்தாள். தானே கொன்றுவிட்ட மாதிரி நடமாடினாள்.

கமீலாவுக்கு எல்லாம் தெரியும். அந்தத் தெரிதலோடு அவள் சோறு தின்றாள், தொழுதாள், முஹ்ஸினோடு சண்டை பிடித்தாள். கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமைகளில் தலையிடி என்று படுத்துக்கொண்டாள். வாசலில் பெண்கள் கொப்பியோடு வந்து நின்று கூப்பிடும்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். சாரா உம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள்: சூப். மாட்டுக் காலெலும்பை மிளகு போட்டு அவித்து, சட்டியோடு தூக்கிக்கொண்டு தினமும் பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் போனாள். உடைந்த எலும்புக்கு எலும்புச் சாறு. அதைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஓடி வருவாள்.

அது இன்னும் மோசமாக முடிந்தது. "கமீலாவப் போல ஒரு மனிசி வருமா?" என்று ஊர் பேசியது. "சொந்தப் புள்ள செய்யாதத அவள் செய்யிறாள்." அந்தச் சொல் காதில் விழுந்த அன்று கமீலா வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அடுத்த நாளும் சூப் கொண்டுபோனாள். கொண்டுபோகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

அப்படியே நாலு மாதம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சாரா உம்மாவின் சுகத்துக்காக அவள் வீட்டில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் ஓதினார்கள். பதினைந்து இருபது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடிந்து துஆக் கேட்டு, நுஸ்ரா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். அவள் தலை மறைந்ததும் கதை தொடங்கியது. பக்கத்து ஊர் எத்தாளையில் றிப்னாஸ் என்று ஒரு பொடியன், மீன்பிடி வள்ளம் சொந்தமாக உள்ளவன். நுஸ்ராவைக் கேட்டு வந்திருந்தார்கள், பேச்சு நல்லபடியாக இருந்தது. இப்போது பொடியனின் தாய் பின்வாங்குகிறாளாம். பெத்த தாயைப் பார்க்கத் தெரியாதவள் என் மகனைப் பார்ப்பாளா என்று கேட்டாளாம்.

"ஒரு வழி இரிக்கிது," என்றாள் றஸீனின் பெண்சாதி. ஊர் விவகாரங்களில் எப்போதும் முன்னுக்கு நிற்பவள். "கமீலா போகட்டும். கமீலா போய் ரெண்டு வார்த்த நல்லதாச் சொன்னா அவங்க நம்புவாங்க. கமீலாட வாய்க்கு எத்தாளையிலயும் மதிப்பிரிக்கிது."

"ஓம் கமீலா, நீ போ," என்றாள் இன்னொருத்தி. "சொல்லு, சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சிட்டாள், இனித் திருந்திடுவாள் எண்டு."

எல்லாரும் கமீலாவைப் பார்த்தார்கள். அவள் சாரா உம்மாவைப் பார்த்தாள். சாரா உம்மா கதிரையில் இருந்தபடி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமீலா நினைத்துப் பார்த்தாள். போய்ச் சொல்லலாம். நன்றாகவே சொல்வாள், அவர்களும் நம்புவார்கள், கல்யாணமும் நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளை செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்த புண்ணியமும் கமீலாவுக்கே வந்து சேரும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அந்தப் புள்ள ஒண்டும் செய்யல்ல," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "ராத்தாட எலும்பு ஏற்கனவே உக்கிப் போய் இரிந்திச்சு. உக்க வெச்சது நான்."

"என்ன கதை இது கமீலா?"

அவள் சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள். டொக்டர் மூன்றிலிருந்து ஒன்றைக் குறைக்கச் சொன்னதையும், தான் மூன்றோடு ஒன்றைக் கூட்டியதையும், விளங்காமலே விளங்கியது என்று சொன்னதையும், வார்ட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னாள். சூப்பையும் சொன்னாள். இடையில் அழுகை வந்தது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். அவள் கூட்டிப் போன பெண்கள் பாதிப்பேர் அங்கேயே இருந்தார்கள். டொக்டர் தங்களுக்குச் சொன்னதாக இவள் சொன்னதையெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒருத்தி தன் கைப்பையைத் திறந்து குளிசை மட்டை ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கமீலாவின் மானம் போனது அந்த இடத்தில்தான்.

நுஸ்ரா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தட்டை நிலத்தில் வைத்தாள். யாரும் கோப்பையைத் தொடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்கள். சிலர் நுஸ்ராவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கமீலாவுக்கு யாரும் ஸலாம் சொல்லவில்லை.

மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். கமீலா பாயில் நகர்ந்து வந்து சாரா உம்மாவின் காலடியில் இருந்தாள். "என்ன மன்னிச்சிடுங்க ராத்தா. ஒங்களக் கண் தெரியாத ஆள் மாதிரிக் கூட்டிக்கொண்டு போய்க் குழிக்குள்ள தள்ளிட்டேன்."

"நான் கண் தெரியாத ஆளில்ல கமீலா," என்றாள் சாரா உம்மா. "அந்த டொக்டர் பேசக்குள்ள கையத் தூக்கி ரெண்டு விரலக் காட்டினவர். நீ அங்கால திரும்பி ஆரோடயோ கதைச்ச. நான் கண்டேன்."

கமீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு எண்டு காட்டுறாரே, இவள் நாலு எண்டு சொல்றாளே எண்டு யோசிச்சேன். மருந்து ஒறையிலயும் ரெண்டுதான் போட்டிருந்திச்சு. கேக்க வாய் வந்திச்சு. எல்லாரும் நிண்டாங்க. அவ்வளவு பேருக்கு முன்னால ஒண்ட எப்பிடிக் கேக்கிற? பாஷை தெரியாத நான் பாஷை தெரிஞ்ச ஒனக்குப் பிழை புடிக்கிறதா? வெக்கமா இரிந்திச்சு. பொறகு குடிக்கத் தொடங்கினாப் பொறகு, கேக்க இன்னும் வெக்கம்."

கமீலாவுக்கு அழுகைகூட வரவில்லை. தன்னுடைய முகம் வாடக் கூடாது என்று ஒருத்தி மூன்று வருடம் ஒவ்வொரு விடியலிலும் தன் எலும்பைத் தானே கரைத்திருக்கிறாள். இத்தனை நாளும் தன் குற்றத்தின் அளவு தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். தெரியவில்லை.

"ரெண்டு விரலக் கண்டிட்டா நாலு குடிச்சீங்க உம்மா?" என்று கேட்டாள் நுஸ்ரா. அவள் இன்னும் அதே வாசலில்தான் நின்றாள். சத்தம் போடவில்லை.

"எல்லாரும் நிண்டாங்க புள்ள. கமீலாட மொகம்..."

"மாமிட மொகம் வாடப்படாது எண்டு நீங்க பேசல்ல. தன்ட மொகம் கெடப்படாது எண்டு மாமி பேசல்ல." அவள் கமீலாவையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாலு மாசம். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் இந்த அறைக்குள்ள இரிந்து சூப்புக் குடிச்சீங்க. நான் அங்க நிலத்தத் தொடைச்சிக்கிட்டு இரிந்தேன். என்ட மொகத்த ஆரு பார்த்த?"

நுஸ்ரா தாயின் முதுகுக்குப் பின்னால் சரிந்திருந்த தலையணையை நேராக வைத்தாள். யாரும் தொடாத தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து ஊற்றும் சத்தம் கேட்டது. கமீலாவும் சாரா உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.